பாட்டரிப் பலகை

கர்க்கடகம் (நம் ஆடி) 7, வெள்ளி
விடியலிலிருந்து மழை. விறகெல்லாம் நனைந்து வெறும் புகை. நல்ல வேளை, மழை பிடித்த ஒரு மாசமாக அவர் பஸ் ஒர்க்ஷாப்பிலிருந்து கொண்டுவந்து நான் எரிக்கிற பாட்டரிப் பலகை இன்னும் ஒரு சாக்கு இருந்தது. யுத்தத்தால் புது பாட்டரி வருவதில்லை. பழசைப் பிரித்து, உள்ளே இருக்கும் ஈயத் தகடுகளில் நல்லதைப் பொறுக்கி, மூன்று பழசிலிருந்து ஒன்று ஒப்பேற்றுவதுதான் அவர் வேலை. தகடுகளுக்கு நடுவே சொருகின மெல்லிசுப் பலகை, உடைந்த மரப்பெட்டி எல்லாம் குப்பைக்காம். "எறிவானேன்? நல்ல காய்ஞ்ச கட்டையாக்கும்" என்றார். ஒரு புளித்த நெடி. ஆனால் பட்டென்று பற்றுகிறது.

ஜயாவுக்கு எண்ணெய் ஸ்நானம். அந்தத் தணலிலேயே சாம்பிராணி. மூன்று வயசுக்கு என்ன முடி! கூடையைக் கவிழ்த்து அதன் மேல் விரித்துக் காயவைப்பதற்குள் ரகளை. பிறகு சாப்பிடவும் இல்லை.

(இனி ஜ. என்றே எழுத வேண்டும். மசி கிடைப்பதில்லை.)

9, ஞாயிறு
ஜ. வயிறு வலி என்கிறாள். மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை. விளக்கெண்ணெய் கொடுத்தேன். துப்பினாள், என் மேலேயே. ரேஷன் அரிசி தீர்ந்து நேற்றெல்லாம் மரச்சீனிக் கிழங்கு. அதனாலா? நாங்களும்தானே தின்றோம்.
வாங்க: ஓமம், மண்ணெண்ணெய் (கிடைத்தால்). பல் தேய்க்கச் சாம்பல் சலிக்க. இந்தப் பலகைச் சாம்பல் நல்ல நைஸ்.

11, செவ்வாய்
எதிராத்து அம்மு மாமி வந்து பார்த்தாள். "கண்ணு பட்டிருக்குடி. அந்த முடியைப் பார்த்து யாரானும் பெருமூச்சு விட்டிருப்பா. மிளகா சுத்திப் போடு. ரெண்டு வேளையும் நன்னா சாம்பிராணி காட்டு."
சுற்றி அடுப்பில் போட்டேன். மிளகாய்க் கமறலே இல்லை. "பாத்தியா, கண்ணேதான்!" என்றாள். எனக்கென்னவோ அந்தப் புளித்த நெடி மட்டும் தொண்டையில் நின்றது. ஆனாலும் இரண்டு வேளையும் காட்டினேன்.

13, வியாழன்
மூன்று தடவை வாந்தி. குழந்தை வெளுத்துப்போய், மடியை விட்டு இறங்க மாட்டேன் என்கிறாள். இறக்கிவிட்டால் கால் பின்னுகிறது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிழங்கு? கண்? கிணற்று ஜலம்? பூச்சி? என் கை ராசியா? ஒவ்வொரு மணிக்கும் ஒன்றைச் சந்தேகப்படுகிறேன்.
அவர்: "கொழந்தேள்னா இப்படித்தான் இருக்கும்."
கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும். கேட்கட்டும். நாளை ஆஸ்பத்திரி.

14, வெள்ளி
லேடி டாக்டர். மலையாளி. என் வயசுதான் இருக்கும். குழந்தையின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தாள். "பர்த்தாவினு எந்தா ஜோலி?" அவருக்குப் பஸ் பாட்டரி வேலை என்றேன். அடுத்தாற்போல், அடுப்பில் என்ன எரிக்கிறாய் என்று கேட்டாள். வயிற்றுவலிக்கு வந்தால் அடுப்பை விசாரிக்கிறாளே என்று எரிச்சல். சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.
பலகையில் ஈயம் ஊறியிருக்கிறதாம். எரித்தால் புகையிலும் சாம்பலிலும் வந்து, மூச்சோடும் வாயோடும் போய், ரத்தத்தில் சேரும் விஷமாம். ஈறோரம் நீலமாக ஒரு கோடு. எனக்கும் காட்டினாள். வலிப்பு மட்டும் வந்தால் குழந்தை பிழைப்பது கஷ்டம், உடனே தூக்கிக்கொண்டு வா என்றாள்.
குழந்தையின் தலையை மோந்து பார்த்தாள். "சாம்பிராணியும் அதிலோ?"
ரெண்டு வேளையும், என் கையாலேயே என்றேன்.
பேதி உப்பு, பால், முட்டை (முட்டையா! சரி, பால்). ஒரு சீட்டு எழுதித் தந்தாள். அவரையும் கூட்டி வரச் சொன்னாள்.

15, சனி
அவர் நம்பவில்லை. "ஈயச் சொம்புலே ரசம் வச்சுத்தானே தலைமுறை தலைமுறையா சாப்பிடறோம்? யார் செத்தா?" அது வெள்ளீயம், இது காரீயம், ரெண்டும் வேறே என்று டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "பத்து மாசமா ரெண்டு கையாலேயும் அளையறேன். எனக்கென்ன கேடு?"
அதுதானே. எனக்கும் குழப்பம்தான். அவர் அளைகிறார், நன்றாக இருக்கிறார். குழந்தை தொடக்கூட இல்லை. டாக்டர் சொன்னது தப்பாக இருக்குமோ? ஆனால் அந்தக் கோட்டை என் கண்ணால் பார்த்தேன்.
சாக்கை என்ன செய்வது? எரிக்கக் கூடாது. ஆற்றில் போட்டால் ஊரே குளிக்கிற ஆறு. "எங்கேயிருந்து வந்ததோ அங்கேயே கொண்டு போங்கோ. அதுவரை இந்த ஆத்திலே சமையல் கிடையாது" என்றேன். கொண்டு போனார், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு.

21, வெள்ளி
வெளிக்குப் போனாள்! இதை எழுதி வைத்துக்கொண்டு சந்தோஷப்படுகிறவள் திருவனந்தபுரத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். ஒரு டம்ளர் பால் முழுசும் குடித்தாள். வாந்தி இல்லை. தலையைத் துண்டால் துவட்டினதோடு சரி. ஈர மட்டையை ஊதி ஊதி எனக்குக் கண் போச்சு. போகட்டும்.

24, திங்கள்
மழை விட்டிருக்கிறது. ஜ. தானாகவே பருப்பு சாதம் கேட்டாள்.
அவர் கையிலிருந்து காப்பி டம்ளர் விழுந்தது. கிடைக்காமல் கிடைத்த காப்பி, திட்டினேன். இரண்டாவது டம்ளர் கொடுத்தேன். அதுவும் விழுந்தது. அப்புறம்தான் பார்த்தேன். வலது கையை நீட்டியிருக்கிறார், மணிக்கட்டிலிருந்து கீழே தொங்குகிறது. தூக்கப் பார்க்கிறார், அது எழும்பவே இல்லை.
"எத்தனை நாளா?"
"பத்து நாள் இருக்கும்."
எனக்கென்ன கேடு என்று கேட்டாரே, அன்றைக்கே இருந்திருக்கிறது! கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. குழந்தையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.
"லீவுக்கு ஒரு லெட்டர் நீயே எழுதிடு. எனக்குப் பேனா நிக்கலே" என்றார். "ஜுரம்னு போடு. வேறே ஏதானும் எழுதினா வேலைக்கே உலை."
ஒர்க்ஷாப்பில் இதே வேலையில் இன்னும் நாலு பேர். அவர்களும் சாக்குச் சாக்காகத்தான் வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள்.
டாக்டர் சீட்டை எடுத்து, ஜுரத்துக்குப் பதிலாக, அதில் ஈயத்துக்குப் போட்டிருந்த இங்கிலீஷ் வார்த்தையைப் பார்த்து எழுத்தெழுத்தாக எழுதினேன். அவர் இரண்டு தடவை படித்தார். என்னைப் பார்த்தார். இடது கையால் கையெழுத்துப் போட்டார்.