இல்லாத முருகன் கோயில்

ஓகஸ்ட் 12, செவ்வாய்

ஊருக்கெல்லாம் வேலும் மயிலும் துணை. என் அண்ணைக்கு வீலும் மொபைலும். கரிபியன் பக்கம் தனியாகச் சைக்கிளில் திரிகிறான். போகிற ஊரிலெல்லாம் ஒரு கோயிலைத் தேடிக் கும்பிட்டு, படம் அனுப்பவேண்டும். இங்கே எங்கள் ஆர்ச்வே முருகன் கோயில் வாசலில் சைக்கிள் சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்த அன்று அம்மா வாங்கிய சத்தியம் அது.

இன்று சாந்தோ டொமிங்கோ. பழைய கோட்டை, கல் பதித்த தெரு என்று படங்கள் வந்தன. "இஞ்ச கோயில் ஒண்டும் இல்லையடி" என்று எழுதியிருந்தான். நகரத்தின் ஓரத்தில் ஏதோ ஒரு சந்தியை வரைபடத்தில் குறித்து அனுப்பினேன். "அங்க ஒரு முருகன் கோயில் இருக்காம்." முழுப்பொய். வெயிலில் கொஞ்சம் மிதிக்கட்டும் என்றுதான்.

இங்கே இரவு ஏழு மணிக்கு அவன் குரல்பதிவு வந்தது. "கோயிலைக் காணேல்லை. ஆனா ஒருத்தர் தனக்கு இடம் தெரியுமாம். சைக்கிளையும் லொறியில ஏத்திக்கொண்டு போய் விடுறாராம். நல்ல மனுசன்."

இல்லாத கோயில் அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்?

"ஏறாதை! நான் பகிடிக்குச் சொன்னனான்" என்று உடனே எழுதினேன். இன்னும் பார்க்கவில்லை. கோல் எடுத்தால் மணி அடிக்கவே இல்லை. வரைபடத்தில் அவனுடைய நீலப் புள்ளி, எந்தச் சைக்கிளும் போகாத வேகத்தில் நகரத்தை விட்டு வெளியே போய், அணைந்துவிட்டது.

அவன் எங்கே என்று அம்மா கேட்டார். "கோயிலுக்குப் போயிட்டான்" என்றேன்.

"அப்ப இனிப் பயமில்லை" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிட்டார்.