விழுந்துகொண்டிருக்கும் கோள்

உன் வீடு இருக்கும் பேகம்பூர்ப் பக்கம் பஸ் திரும்பியதும் தோல் பதனிடும் வாடை ஜன்னல் வழியே வந்து முகத்தில் அடித்தது. பக்கத்தில் இருந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். கல்லூரி நாள்களில் உன் புத்தகப் பையிலும் இதே வாடைதான். நான் ஆழ மூச்சிழுத்துக்கொண்டேன்.

இயற்பியல் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்தோம். பிறகு நான் தாடிக்கொம்பில் பாடம் நடத்தப் போனேன். நீ பெங்களூருக்கு, வானத்தை ஆராய. வியாழனைப் போன்ற பெரிய கோள் ஒன்று தன் நட்சத்திரத்தை ஒட்டியபடி, ஒரே நாளில் அதைச் சுற்றி வந்துவிடுகிறது என்றாய். அந்த நெருக்கத்தின் இழுப்பில் நட்சத்திரமே லேசாகப் புடைத்துக்கொள்ளுமாம். கோள் அதன் முன்னால் கடக்கும் நேரம் வருடாவருடம் முந்திக்கொண்டே வந்தது. அது நட்சத்திரத்துக்குள் விழுந்துகொண்டிருக்கலாம். இல்லையென்றால், கண்ணில் படாத துணை நட்சத்திரம் ஒன்று இரண்டையும் சேர்த்து நம் பக்கம் இழுப்பதால், ஒளி சீக்கிரம் வந்து சேரலாம். அப்படியானால் கோளுக்கு ஆபத்தில்லை. எது உண்மை என்று கண்டுபிடிப்பதுதான் உன் வேலை.

நோய் முற்றி நீ வீட்டுக்கு வந்தபோது லேப்டாப்பும் கூடவே வந்தது. அந்தத் துணை நட்சத்திரம் இருக்க வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டாய். ஆராய்ச்சி செய்கிறவள் அப்படி ஆசைப்படக் கூடாது என்று நீயே சொல்லிச் சிரித்தாய்.

ஒரு பிற்பகல், மாடியில் காயும் துணிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். உன்னோடு வேலை செய்தவர்கள் கடைசி அளவீடுகளை அனுப்பியிருந்தார்கள். திரையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"துணையெல்லாம் ஒண்ணும் இல்லடி. நெசமாவே விழுது."

எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். பல லட்சம் வருடம் என்றாய். பிறகு மெதுவாக, "அம்புட்டு நேரம் இருக்கு, அதுக்கு," என்றாய்.

உன் கையைப் பிடித்தேன்; வெயிலிலும் சில்லென்றிருந்தது. முடிவை நீயே எழுதி அனுப்பிவிட்டுத்தான் படுத்தாய். அந்த மாதம் முடியும் முன்பே போய்விட்டாய்.

இன்று அந்திநேர மக்ரிப் தொழுகையை முடித்துவிட்டு உன் அம்மா என்னை மாடிக்குக் கூட்டிப்போனார். நீ பார்த்த நட்சத்திரம் எது என்று கேட்டார். பிரகாசமான ஒன்றைக் காட்டிவிடலாமா என்று நினைத்தேன். மனம் வரவில்லை. வெறும் கண்ணுக்குத் தெரியாது என்றேன். திசையையாவது காட்டச் சொன்னார். காட்டினேன். ஒன்றும் தெரியாத அந்த இடத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னும் விழாமத்தான இருக்கு?"

"இருக்கும்மா."

அவர் கேட்டது கோளைப் பற்றித்தானா என்று வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் தோன்றியது. உன்னைப் பற்றிக் கேட்டிருந்தாலும் என்னிடம் இருப்பது அந்த ஒரு பதில்தான்.