ஓரத்தில் எழுதியிருந்த கலியாணம்

மச்சான்,

இன்று காலை மழை. என் கோட்டு காயவில்லையென்று உன்னுடையதைப் போட்டுக்கொண்டு உன் மரணத்தைப் பதியப் புறப்பட்டேன். பஸ்ஸில் கோட்டுப் பைக்குள் கைவிட்டால் ஒரு துண்டுப் பென்சில். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. மூக்கருகே கொண்டுபோனேன், நீ சனிக்கிழமைகளில் போய்வந்த கிராமத்துக் கோயிலின் ஈர மணம் வந்தது. லண்டன் வால்தம்ஸ்டோ பஸ்ஸில் பத்துப் பேர் பார்க்க அழுதேன்.

எண்பதுகளின் கடைசியில் நாம் இருவரும் ஒரே அறை. யாழ்ப்பாணத்துக் காணிப் பதிவுக் கந்தோரில் பழைய உறுதிப் பத்திரங்களை வாசித்த நீ, இங்கே பிஸ்கட் பக்டரியில் பெட்டி அடுக்கினாய். சனிக்கிழமை லீவென்றால் மற்றவர்கள் போர்த்திக்கொண்டு படுப்பார்கள். நீ ரயிலேறி எசெக்ஸ் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போய், அங்குள்ள கிறிஸ்தவக் கோயிலின் முந்நூறு வருடப் பதிவேடுகளைப் படியெடுப்பாய். ஞானஸ்நானம், கலியாணம், அடக்கம். கிடைத்ததெல்லாம் ஒரு கோப்பை தேத்தண்ணீர். திருநீறு பூசிய சைவக்காரன் வெள்ளைக்காரனின் பூட்டன்மாருக்குப் பேர் எழுதுகிறான் என்று வீடே சிரித்தது.

"உனக்கென்ன விசரோ?" என்று நானும்தான் கேட்டேன்.

"அதுகளும் ஆரின்ரையோ பிள்ளையள்தானே மச்சான்" என்றாய்.

ஒருமுறை என்னையும் இழுத்துப் போனாய். பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்தார்கள். மை சிந்தினால் புத்தகம் பாழ், பென்சில் மட்டும்தான். ஒரு குழந்தையின் பதிவில் தகப்பன் பேரைக் காணோம். "அடுத்த பக்கத்தைப் பாத்தா ஆரெண்டு விளங்குதே, எழுதிவிடன்" என்றேன். முறைத்தாய்.

"கண்டதைத்தான் எழுதவேணும். தெரிஞ்சதை எழுதக்கூடாது."

அந்த நாட்களில் என் மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் விசாவுக்குக் காத்துக் கிடந்தார்கள். கலியாணத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். நாங்கள் கைபிடித்த மாதா கோயில் ஷெல் விழுந்து எரிந்துபோயிற்று, புத்தகமும் சேர்ந்து. அரசாங்கக் கச்சேரியில் இருந்த பிரதியும் இல்லையென்று கடிதம் வந்த அன்று, "இனி ஏலாது" என்று கட்டிலில் குந்திவிட்டேன். மகளுக்கு என் முகமே மறந்துகொண்டிருந்தது.

நீ சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. "எங்கடை கிராமத்திலை முப்பது வருசப் பக்கத்தை எலி திண்டிட்டுது" என்றாய். அந்த இங்கிலீஷ் கிராமம் எப்போது உன்னுடையதாயிற்றோ! "ஆனா வருசா வருசம் பிஷப்புக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கினம். அதிலை எல்லாம் கிடக்கு. உங்கடை ஆக்கள் ஒரு புத்தகத்திலை மட்டுமோ எழுதிறவை? வேறை எங்கை எழுதுவினம், யோசி!"

அப்போதுதான் உறைத்தது. கலியாணம் முடிந்ததும் எங்கள் பங்குச் சாமியார், மனைவி ஞானஸ்நானம் பெற்ற மன்னார்ப் பங்குக் கோயிலுக்குக் கடிதம் போடுவார். அங்கே அவள் பேருக்கு நேரே, ஓரத்தில், இன்ன நாள் இன்னாரை முடித்தாள் என்று எழுதிவைப்பார்கள். எங்கள் திருச்சபை வழக்கம், அதை நான் மறந்தே போனேன்.

"வேதக்காரன் நீ. ஞாபகப்படுத்தச் சைவக்காரன் வேண்டிக் கிடக்கு" என்று தலையில் குட்டினாய்.

மூன்று மாதத்தில் மன்னாரிலிருந்து சாமியாரின் முத்திரையோடு தாள் வந்தது. அந்த ஓரத்து வரியைப் பிடித்துக்கொண்டுதான் என் குடும்பம் ஹீத்ரோவில் வந்து இறங்கியது. மகள் என்னை விட்டுவிட்டு உன் காலைத்தான் முதலில் கட்டிக்கொண்டாள். எனக்குக் கோபம்கூட வந்தது. உனக்கு ஒழுங்காக ஒரு நன்றி சொன்னேனா என்று நினைத்துப் பார்க்கிறேன், சொல்லவில்லை மச்சான். இப்போது சொல்கிறேன்.

இன்று பதிவாளர் பெண், இறந்தவருக்கு நீங்கள் என்ன முறை என்று கேட்டாள். உனக்கென்று ஒருவரும் மிஞ்சவில்லை. 'சகோதரன்' என்று வாய்வரைக்கும் வந்துவிட்டது. யார் கேட்கப்போகிறார்கள்? பைக்குள் விரலில் பென்சில் முட்டியது.

"முறை ஒன்றும் இல்லை. உயிர் போகும்போது கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்" என்றேன்.

அதற்கும் அங்கே ஓர் இடம் இருக்கிறதாம். என் பேருக்கு நேரே அப்படியே எழுதினாள்: மரண வேளையில் உடனிருந்தவர். மையால் கையெழுத்து வைத்தேன்.

பென்சிலை நான் வைத்துக்கொள்கிறேன். நூறு வருடம் கழித்து உன்னைப்போல ஒரு விசரன் வந்து அந்தப் பக்கத்தைப் படியெடுப்பான். நாம் யாரென்று அவனுக்குத் தெரியாது. கண்டதை எழுதுவான். உன் பேரை எழுதினால் என் பேரையும் எழுதித்தான் ஆகவேண்டும்.