கமலவேணியின் முதுகு

மேட்டூர் முகாம், 1931 பிப்ரவரி 9

காலையிலேயே வாசலில் பஞ்சாயத்து. என் மனைவி உட்கார்ந்தபடியே கோலம் போடுகிறாளாம். குந்திக் குந்தி நகர்ந்து பெருக்குகிறாளாம். நான் ஷூ மாட்டி முடிக்கும்வரை அம்மா விடவில்லை. "ஏஞ்சாமி, கண்ணாலமாயி ஆறு மாசத்துல இடுப்பு வளையலீன்னா இவ எப்படிப் புள்ளை குட்டியத் தூக்குவா? மகாராணியாட்டம் குந்திக்கிட்டே வேலை பாக்கறா. லைன் ஊடெல்லாம் சிரிக்குது."

அணையில் தளமட்டம் பார்க்கும் நாள், எனக்கு அவசரம். "குனிந்து பெருக்கினால் என்ன குறைந்துவிடும்?" என்று கமலவேணியிடம் கேட்டேன்.

"குனிய வரமாட்டேங்குதுங்க."

வரமாட்டேங்குதா? குனிவது என்ன கொத்தனாரா, ஆள் விட்டுக் கூப்பிட? இதைச் சொல்லிவிட்டு நானே சிரித்துக்கொண்டு போனேன். அவள் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 11

துருப்பிடித்த கீலை என்ன செய்வோம்? எண்ணெய் விட்டு ஆட்டுவோம். ஆட்ட ஆட்ட இளகும். இன்றிலிருந்து காலையில் அவளை நிற்க வைத்துக் குனியச் சொல்கிறேன். தோளில் கை வைத்துக் கொஞ்சம் அழுத்தினேன். விரல் முழங்காலைத் தாண்டவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டாள். பழகினால் சரியாகிவிடும்.

பிப்ரவரி 14

முன்னேற்றம் இல்லை. வேண்டுமென்றே விறைத்துக்கொள்கிறாள் போல.

பிப்ரவரி 15, ஞாயிறு

வரைபடத்தை விரித்து உட்கார்ந்திருந்தேன். பென்சில் உருண்டு விழுந்தது. கமலவேணி எடுத்துக் கொடுத்தாள். எடுத்த விதத்தை இன்றுதான் பார்த்தேன். முதுகு தூண் மாதிரி நிற்க, முழங்கால் மட்டும் மடங்குகிறது. ஒரு கையைத் தொடையில் ஊன்றி இறங்கினாள். எழும்போது தன் தொடையையே பிடித்து ஏறி வந்தாள்.

விரிசல் விட்ட பலகை மேல் நடக்கிற ஆள் இப்படித்தான் நடப்பான், நடுவில் கால் வைக்காமல். எதையோ காப்பாற்றுகிறாள்!

முதுகில் விரலை ஓட்டிப் பார்த்தேன். விலா முடிகிற இடத்துக்கு நேரே முதுகெலும்பில் ஒரு கணு மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறது.

"எத்தனை நாளாக?"

"கண்ணாலத்துக்கு முந்தியே லேசா நோவுமுங்க. சாயங்காலமானாக் காய்ச்சல் வரும்."

"ஏன் சொல்லவில்லை?"

"சொன்னனே. குனிய வரமாட்டேங்குதுன்னு."

பிப்ரவரி 18

சேலம். டாக்டர் அன்வர் பாட்சா எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்தார். எலும்பில் க்ஷயரோகம். அடுத்தடுத்த இரண்டு கணுக்களை அரித்துக்கொண்டிருக்கிறது.

"குனிய வெச்சுப் பாத்தீங்களா?" என்றார். மறைக்காமல் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஓவர்சியர் சார், உள்ளே எலும்பு நோவுதுன்னு சுத்தியிருக்கற தசை இறுக்கிப் புடிச்சுக் காவலுக்கு நிக்குது. நீங்க காவக்காரனைப் போட்டு அடிச்சிருக்கீங்க."

பிறகு என் முதுகையே தொட்டு விளக்கினார். எல்லாக் கணுவும் ஒன்று போல அசையாதாம். கழுத்து நன்றாகத் திரும்பும். மார்புக்குப் பின்னால் விலா எலும்புகள் கூடை மாதிரி கட்டியிருப்பதால் குனிவது குறைவு. இடுப்புக் கணுக்கள் முன்னும் பின்னும் வளையும், ஆனால் திரும்பாது. பின்பக்க மூட்டுகள் தண்டவாளம் போல் நேர் நின்று தடுத்துவிடுகின்றன. கணுக்களுக்கு இடையே மெத்தை, சுற்றிலும் நார்க்கட்டு. நடுவில் ஓடுகிற நரம்பு வடம் நசுங்காமலிருக்க இத்தனை தடுப்பு. நொறுங்கின கணு வடத்தை அமுக்கினால் கால் போய்விடும்.

"குணமாகுமா?"

"ஆகலாம். மாவுக்கட்டுப் போட்டு ஒண்ணரை வருசம் மல்லாக்கப் படுக்கணும். அரிச்ச ரெண்டும் ஒண்ணாச் சேந்து கல்லாயிடும்."

"அப்புறம் அந்த இடம் வளையாதே?"

"வளையாது. அதுக்குப் பேருதான் குணம்."

பிப்ரவரி 19

நாற்காலியில் உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்தேன். இடுப்பு திரும்புகிறது என்று இருபத்தாறு வருஷம் நம்பியிருக்கிறேன். திரும்புவது மார்பும் கழுத்தும். குனிவதில் பெரும் பங்கு தொடை மூட்டினுடையது. என் உடம்பின் வரைபடம் எனக்குத் தெரியவில்லை. ஆற்றுக்கு அணை கட்டுகிறேன்.

மார்ச் 3

அக்குளிலிருந்து இடுப்புக்குக் கீழே வரை கட்டு. அழவில்லை. "ஏனுங்க, தொட்டியில நட்டு வெச்சாப்புல இருக்கறனா?" என்று கேட்டாள்.

மார்ச் 22

அம்மா மெதுவாக ஆரம்பித்தாள். "இவ ஒரு பக்கம் இருந்துட்டுப் போகட்டுஞ்சாமி. சின்னுசாமி மாமன் ஊட்டுப் பொண்ணு..." நான் கத்திவிட்டேன். அம்மா மூட்டையைக் கட்டிக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் போய்விட்டாள். பக்கத்து லைன் வீட்டுச் சுப்பம்மாள் சமைக்க வருகிறாள். உப்பே போடுவதில்லை.

ஜூன் 14

இடது கால் மரத்துக் கிடக்குதுங்கறா. கட்டைவிரலை ஆட்டுன்னேன். ஆட்டிட்டுத்தான இருக்கறேங்கறா. ஆடலை. ஆடவே இல்லை. அந்த நாலு நாள், தோள்ல கை வெச்சு அமுக்கினனே... அதுலதான் நொறுங்குச்சா? யாரைக் கேக்கறது?

ஜூன் 16

டாக்டரையே கேட்டேன். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். எனக்குத் தெரியாது" என்றார். வேறு மருந்து? இல்லை. அசையாமல் கிடக்க வேண்டும், அவ்வளவுதான்.

இரவு அவளிடம் சொன்னேன். கூரையைப் பார்த்தபடியே கேட்டாள்: "உங்களாலதான்னு வெச்சுக்கிட்டாக் காலு வந்துருங்களா?" பிறகு, "போய்ப் படுங்க. நீங்க இப்படி நின்னா எனக்குத் தூக்கம் வராது."

எனக்கும் வரவில்லை.

செப்டம்பர் 5

கட்டைவிரல் அசைந்தது. நானும் பார்த்தேன், சுப்பம்மாளும் பார்த்தாள்.

1932 அக்டோபர் 10

கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் அந்தக் கணுவை விரலால் தட்டினார். வலியில்லை. கூன் கொஞ்சம் தங்கிவிட்டது, போகாதாம். கட்டிலைப் பிடித்து நின்றாள். தலை சுற்றுகிறது என்றாள். என் தோள் உயரம் இருக்கிறாள். மறந்தே போயிருந்தது.

1933 ஜனவரி 20

நாமக்கல்லுக்கு, அவள் அம்மா வீட்டுக்கு, தனியாகப் போகிறேன் என்று ஒரு வாரமாகப் பிடிவாதம். பஸ் படி உயரம். நான் கையை நீட்டினேன்.

"கைய எடுங்க. உளுந்தாக் கூப்படறேன்."

எடுத்துக்கொண்டேன். கம்பியைப் பிடித்து, முதுகை நேராகவே வைத்து ஏறிவிட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைப் பார்க்கத் தலையைத் திருப்பினாள். போதவில்லை. எழுந்து, காலை மாற்றி வைத்து, முழு உடம்போடு என் பக்கம் திரும்பிக்கொண்டாள். பக்கத்து இருக்கைக் கிழவிக்கு இடித்துவிட்டது போல. "ஏனம்மிணி, வண்டி கெளம்பப் போவுது, ரோட்டப் பாத்து உக்காரு."

"இருங்க ஆயா, பாத்துப்போட்டுத் திரும்பிக்கறேன்."