கட்டத்துக்கு ஒரு கதவு

ஜூன் 3, செவ்வாய்
'கட்டம்' இன்றும் இணையத் தரநிலைச் சோதனையில் ஒரு பிழையும் இல்லாமல் தேறியது. இணையப் படிவங்கள் அமைக்க யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று நான் திறந்துவைத்திருக்கும் நிரல். உலகம் முழுக்க எழுபது பேர் பயன்படுத்துகிறார்கள். திருத்தணிக்கு இது போதும்.

ஹேமாவதி என்று ஒருவர் நான்கு மாதமாக எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார். நிரலில் ஒரு கதவு வேண்டுமாம். என் பகுதிகளைக் கழற்றி அவரவர் பகுதியை மாட்டிக்கொள்ள. "தரநிலை கெடும்" என்று பதில் போட்டுக் கோரிக்கையை மூடினேன்.

ஜூன் 5
மறுபடி கேட்டார். மறுபடி மூடினேன்.

ஜூன் 9, திங்கள்
அக்கா வீட்டில் சாப்பாடு. பாவாவுக்கு, அதாவது அக்காவின் கணவருக்கு, சர்க்கரையில் பார்வை போய் ஆறு வருடம். சேட்டு கடையில் லுங்கி ஆர்டர்களைப் போனில் கேட்டு, திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளை வைத்துப் பதிகிறார். போன வாரம் ஆர்டர் பதியக் கடைக்குப் புது இணையப் பக்கம் வந்திருக்கிறது.

"டேப் கீய தட்டிகினே போறேன்டா குமரா, கலர் மட்டும் வர மாட்டேங்குது. கலர் போடாம சேவ் ஆவல."

"சேட்டு இன்னா சொல்றாரு?"

"வெள்ளிக்கிழம வரிக்கும் பாக்கறாராம். அப்பறம் வேற ஆளு. கடைசில 'கட்டம் கொண்டு அமைக்கப்பட்டது'னு மட்டும் தெளிவா படிக்குது. யார்றா அவன்? எனக்குதான் கண்ணு இல்ல, அவனுக்கு இன்னா?"

"நல்லா கேளுங்க" என்று அக்கா எனக்கு ரசம் ஊற்றினாள். குடித்தேன்.

ஜூன் 10
அந்த நிறப் பெட்டி நான் எழுதியது. அழகாக விரியும். குறியீடு எல்லாம் விதிப்படி. மவுஸ் தொட்டால் மட்டும் திறக்கும். சோதனைக் கருவி விசைப்பலகையைத் தட்டிப் பார்ப்பதில்லை. நானும்தான்.

ஹேமாவதியின் கடிதங்களை முதல் முறையாக முழுதாகப் படித்தேன். என் பெட்டியை எடுத்துவிட்டு, உலாவியிலேயே இருக்கும் சாதாரணத் தேர்வுப் பெட்டியை வைக்கத்தான் கதவு கேட்டிருக்கிறார். விதியை மீற வழி கேட்கிறார் என்று நினைத்தேனே — விதிக்குத் திரும்ப வழி கேட்டிருக்கிறார்!

பெட்டியை நானே திருத்திவிடலாம். அடுத்த தவறை? அதுவும் நான்தானே செய்யப்போகிறேன். கதவு வேண்டும்.

ஜூன் 11
ஹேமாவதிக்குப் போன் செய்தேன். கே.ஜி.கண்டிகையாம், பக்கத்து ஊர்.

"சார், நீங்க திருத்தணியா? பதில்லாம் கறாரா இருக்கவே ஜெர்மனின்னு நெனச்சிகினு இருந்தேன்."

கதவு வைக்கிறேன், மாட்டுகிற எதையும் மவுஸைக் கழற்றிவிட்டு ஓட்டிக்காட்ட வேண்டும் என்றேன்.

"உங்களுதையும்தானே சார்?"

"...ஆங்."

ஜூன் 13, வெள்ளி
சேட்டு கடை. நேற்றே கதவு வைத்து, ஹேமாவதி கொடுத்த பெட்டியை இந்தப் பக்கத்தில் மாட்டியாயிற்று. பாவா தட்டினார்: நிறம், மெரூன், இருபது, சேவ். பின்னால் நின்று பார்த்த சேட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவரிடம் அதுதான் சம்மதம்.

"யார்றா சரி பண்ணது?"

"கண்டிகையில ஒரு பொண்ணு."

"கெடுத்தவன்?"

"உங்க மச்சான்."

பாவா அடுத்த போனை எடுத்தார்.

ஜூன் 16
கட்டத்தில் என் பகுதிகள் பதினொன்று. பாவாவிடம் கொடுத்து ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். நான்கு தேறின. அக்கா மதியம் சாப்பிட வரச்சொல்லிப் போன் செய்தாள், பின்னாலிருந்து பாவா குரல்: "மிச்ச ஏழையும் முடிச்சிட்டு வரச் சொல்லு."