சீதனமாக வராத மஞ்சள் பனியன்

இன்று காலை முட்டுக்காட்டுப் பாலத்தைத் தாண்டி ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். வார இறுதியில் சைக்கிள் ஓட்டக் கிளம்பும் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் பதினைந்து இருபது பேர், ஒரே நிறப் பனியனில், பாலத்தின் மேல் நெருக்கமாக வந்துகொண்டிருந்தார்கள். உப்பங்கழியின் சேற்று வாடையோடு கடல் பக்கமிருந்து காற்று ஓங்கி அடித்தது. அவ்வளவுதான், கூட்டம் சிதறிப்போயிற்று. கடைசியில் வந்த பெண், "டேய், நில்லுங்கடா!" என்று கத்தினாள். ஒருவரும் நிற்கவில்லை.

என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். டீக்கடைக்காரர், "இன்னாம்மா, பாவம் அந்தப் பொண்ணு, நீ சிரிக்கிற?" என்றார். அந்தப் பெண் இருந்த இடத்தில் ஒரு காலத்தில் நான் இருந்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? என்னை அங்கே நிறுத்தியவள் நீ. அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுத் தார் பளபளத்த காலம் அது. பெண்களுக்கென்று வருஷத்துக்கு ஒருமுறை நான்கு நாள் சைக்கிள் பந்தயம் நடத்துவார்கள். ஒவ்வொரு நாளும் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு. நான்கு நாள் நேரத்தையும் கூட்டி யாருக்குக் குறைவோ அவள்தான் முதல். அதுவரை முன்னணியில் இருப்பவளுக்கு மஞ்சள் பனியன். நான் செங்கல்பட்டு அணி. வேடந்தாங்கல் ஏரிக்குப் பக்கத்து ஊரிலிருந்து கல்லூரிக்கு சைக்கிள் மிதித்து வந்தவள், கால் வலுவை மட்டும் நம்பிப் பந்தயத்துக்கு வந்துவிட்டேன். நீ கல்பாக்கம் டவுன்ஷிப் அணி. உன் அப்பா அங்கே வேலையாக இருந்தார், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். புதுப்பட்டினம் மார்க்கெட்டில் பொறுக்கிக்கொண்டு வந்த "இன்னா"வை நீ வீட்டில் பேசினால் உன் அம்மா, "ஏட்டி, அது என்ன இன்னா?" என்று அதட்டுவார். நீ இன்னும் நான்கு "இன்னா" சேர்த்துச் சொல்வாய்.

என் முதல் பந்தயத்தின் கடைசி நாள், இதே பாலத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பு முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடம். காற்று இடப்பக்கம் கடலிலிருந்து வரும் என்று உங்கள் அணிக்குத் தெரிந்திருந்தது. தோப்பு முடிவதற்குள் நீங்கள் ஐந்து பேரும் முன்னால் வந்துவிட்டீர்கள். நீ சாலையின் இடது ஓரத்துக்கு விலகினாய். உன் காற்று மறைவில் உன் தோழி, அவள் மறைவில் அடுத்தவள் என்று சாலையின் குறுக்கே சாய்வாக ஒரு வேலி. ஐந்தாவது ஆளோடு சாலை முடிந்தது. எனக்கு மிச்சம் இருந்தது வலப்பக்க மணலும் முழுக் காற்றும்தான். நான் எவ்வளவு மிதித்தும் நீங்கள் தூரமாகிக்கொண்டே போனீர்கள்.

மாமல்லபுரத்தில் பந்தயம் முடிந்ததும் நேரே உன்னிடம் வந்து சண்டை பிடித்தேன். "வழி வுடாம அடைச்சிகினு போறியே, ரோடு இன்னா உங்கப்பன் வூட்டு ரோடா?"

நீ வாய் நிறையத் தண்ணீரோடு சிரித்துப் புரையேறிப்போனாய். "எங்கப்பாவுக்கு வூடே கெடையாதுடி. குவார்ட்டர்ஸ். அதுவும் கவர்மென்ட்டுது." அப்புறம் பையிலிருந்து கடலை உருண்டையை எடுத்து உடைத்துப் பாதியை நீட்டினாய். "அடுத்த வருசம் நீ அடை."

அன்றிலிருந்து நாம் தோழிகள். பந்தயத்தில் எதிரெதிர் அணி, மற்ற நாளெல்லாம் ஒன்றாகப் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் திருக்கழுக்குன்றம் வழியாக வருவேன், நீ சாலை சந்திப்பில் காத்திருப்பாய். உங்கள் அணியின் உத்திகளை நீ ஒருபோதும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.

டவுன்ஷிப் மனமகிழ் மன்றத்து டி.வி.யில் ஐரோப்பாவின் பெரிய பந்தயங்களை உன்னோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். மூன்று வாரம் மலையும் சமவெளியுமாக ஓடுவார்கள். தலைவனுக்காகக் காற்றை வாங்கிக்கொண்டு முன்னால் மிதித்துச் சோர்ந்து ஒதுங்கும் ஆட்களைத்தான் நீ கவனிப்பாய். "அவன் பேரு நாளைக்கு பேப்பர்ல வராது. ஆனா அவன் இல்லன்னா அந்த டீமே இல்ல" என்பாய். ஒரு நாள் மலை உச்சியில் இரண்டு பேர் சேர்ந்தே வந்தார்கள். மொத்த நேரத்தில் முன்னால் இருந்தவன் கடைசி நொடியில் மிதிப்பதை நிறுத்தி, அன்றைய வெற்றியை மற்றவனுக்கு விட்டான். மன்றத்தில் எல்லோரும் கைதட்டினார்கள். பெருந்தன்மை என்றார்கள். நீ மட்டும் கோபமாக இருந்தாய்.

"ஜெயிச்சவன் மூஞ்சியப் பாருடி. ஜெயிச்சவன் மூஞ்சியா அது?"

எனக்கு அப்போது அது புரியவில்லை. சாதாரண முகமாகத்தான் தெரிந்தது.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருஷம், அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இதான் கடசி. தாலி ஏறினப்புறம் தொடை தெரிய ரோட்ல ஓட்டிகினு போனா எனக்கு ஊர்ல மரியாத கெடையாது." அந்தப் பந்தயத்தில் மூன்று நாளும் நான் உயிரைக் கொடுத்து ஓட்டினேன். மூன்றாம் நாள் முடிவில் மஞ்சள் பனியன் என் தோளில் இருந்தது. உனக்கும் எனக்கும் ஒரு நிமிஷம்கூட வித்தியாசமில்லை.

அன்று சாயங்காலம் எல்லா அணிகளும் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்தோம். உங்கள் மேனேஜர் சார் என்னைத் தேடி வந்தார். நல்ல மனுஷர். "நாளைக்கு ஒண்ணும் பயப்படாதம்மா. எங்க பொண்ணுங்க யாரும் உன்னைத் தாண்டிப் போக மாட்டாங்க. கூட்டத்தோடவே வருவாங்க. உனக்குக் கடைசிப் பந்தயம். அண்ணன் குடுக்கிற சீதனம்னு வெச்சுக்கோ."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. கையெடுத்துக் கும்பிட்டேன். நீ பக்கத்துக் குழாயடியில் பனியனைக் கசக்கிக்கொண்டிருந்தாய். தலை நிமிரவே இல்லை. தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டிருக்காது என்று நினைத்தேன்.

மறுநாள் செங்கல்பட்டில் கிளம்பி, புதுப்பட்டினத்தில் கடற்கரைச் சாலையைப் பிடித்து, வடக்கே முட்டுக்காடு வரை போய்த் திரும்பினோம். அவர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. கூட்டம் கல்யாண ஊர்வலம் மாதிரி மெதுவாக வந்தது. ஒருத்தி என்னிடம், மருதாணி எங்கே வைக்கப் போகிறாய் என்று கேட்டாள். பாலம் தாண்டினோம். சவுக்குத் தோப்பு முடிந்தது. நீ இருக்கையிலிருந்து எழுந்தாய்.

நீ போவதைப் பார்த்தும் முதலில் எனக்கு உறைக்கவில்லை. உன் அணிக்காரிகள் சார் சொன்னதற்குக் கட்டுப்பட்டு அசையாமல் இருந்தார்கள். என் அணியில் மூவர் மாற்றி மாற்றி முன்னால் வந்து எனக்காகக் காற்றை வாங்கினார்கள். ஒவ்வொருத்தியாகச் சோர்ந்து விலகினாள். பிறகு நான் மட்டும். முன்னால் நீ. நடுவில் காற்று. உன் முதுகு நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. தொடை எரிந்தது, காது அடைத்தது, கல்யாணம், அப்பா, மருதாணி எல்லாம் தலையிலிருந்து உதிர்ந்து போயின. என் வாழ்நாளில் அப்படி ஓட்டியதில்லை, இனியும் ஓட்டப்போவதில்லை.

போதவில்லை. மாமல்லபுரத்துக்கு நான் வந்து சேர்ந்தபோது மஞ்சள் பனியன் உன்னுடையதாகியிருந்தது. சில நொடி வித்தியாசம்.

"ஏன்டி?" என்று கேட்டேன்.

நீயும் மணலில் குப்புற விழுந்து கிடந்தாய். முகத்தைத் திருப்பி, "நீ ஓட்டி ஜெயி. இல்லன்னா நான் ஓட்டி ஜெயிக்கறேன். நடுவுல குடுக்கறதுக்கு அவரு யாருடி?" என்றாய்.

"கல்யாணத்துக்கு வந்துடாத" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பேச்சை மீறியதற்காக உங்கள் சார் உன்னை அணியிலிருந்து எடுத்துவிட்டார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நீ அதைச் சொல்லவில்லை. ஆனால் செங்கல்பட்டு மண்டபத்துக்கு வந்துவிட்டாய், பட்டுப்புடவையில், நடக்கத் தெரியாமல் தடுக்கிக்கொண்டு. மேடை ஏறி, என்னைப் பார்க்காமல், மாப்பிள்ளையிடம் பேசினாய்.

"அண்ணாத்த, உங்க வூட்டுக்காரம்மா இன்னும் என்னை ஜெயிக்கல. அடுத்த வருசம் அனுப்பி வைங்க."

அவர் சிரித்துவிட்டார். ஒரு வாரம் கழித்து, "அந்தப் பொண்ணு மேடையில சொன்னதுக்கு இன்னா அர்த்தம்?" என்று கேட்டார். நான் முழுக் கதையையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு ஒன்று தெரிந்தது. அந்த சாருடைய சீதனத்தை வாங்கியிருந்தால் நான் திருப்தியோடு சைக்கிளைப் பரணில் ஏற்றியிருப்பேன். மஞ்சள் பனியனைப் பெட்டியில் மடித்து வைத்திருப்பேன். அன்று டி.வி.யில் ஜெயித்த ஆளின் முகம் எனக்கும் வந்திருக்கும்.

கேட்டு முடித்து அவர், "அப்ப ஆட்டம் இன்னும் முடியல. போய்ட்டு வா, நான் மாமாகிட்ட பேசிக்கறேன்" என்றார். அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் நீ அணியில்லாமல் தனி ஆளாக வந்தாய். எனக்கு நான்கு பேர் துணை. மூன்று நாள் தனியாகவே தாக்குப் பிடித்தாய். கடைசி நாள் தோப்பு முடியும் இடத்தில் நான் இடது ஓரத்துக்கு விலகினேன். என் பெண்கள் குறுக்கே வரிசை கட்டினார்கள். உனக்கு மணலை விட்டுவைத்தோம். திரும்பிப் பார்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு தலை குனிந்து மிதித்துக்கொண்டிருந்தாய். நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

முடிந்த இடத்தில் நீ வந்து சேர்ந்ததும் சைக்கிளைப் போட்டுவிட்டு, எல்லோர் முன்னாலும் என் தலையைப் பிடித்து ஆட்டினாய். "அடைச்சிட்டடி! அடைச்சே போட்டுட்ட!" உன்னைவிட அன்று யாரும் சந்தோஷமாக இல்லை. அந்தப் பனியனை வாங்கும்போது என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. நீ பார்த்தாய்.

அதற்குப் பின் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள். எனக்குக் குழந்தை பிறந்தது, நீ வேலைக்குப் போனாய், பந்தயங்கள் நின்றன, நாம் நிற்கவில்லை. பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. சிகிச்சைக்கு நடுவே ஒரு நாள், "காத்து வாங்கணும் போல கீது, வரியா?" என்று கூப்பிட்டாய். தலையில் துணி கட்டிக்கொண்டு, என் சைக்கிளுக்குப் பக்கத்தில் மெதுவாக மிதித்து வந்தாய். புதுப்பட்டினத்திலிருந்து மாமல்லபுரம். யார் முதலில் தாண்டுவது என்ற பழைய போட்டி நினைவில், ஊர்ப் பெயர்ப்பலகை கண்ணில் பட்டதும், "வுடு!" என்று எழுந்தாய். நான் பின்னாலேயே வந்தேன். உன்னைத் தாண்டவில்லை.

பலகைக்குக் கொஞ்சம் முன்னால் நீ பிரேக் பிடித்துக் காலை ஊன்றினாய்.

"இன்னாடி பண்ற?"

"ஒண்ணும் பண்ணலியே."

"எனக்கே சீதனமா? திரும்பு. இன்னொரு தபா."

வளைவு வரை திரும்பிப் போனோம். இந்த முறை முழு மூச்சாக மிதித்தேன். கண்ணில் நீர் வந்து பலகை கலங்கித் தெரிந்தது. தாண்டி நின்று திரும்பிப் பார்த்தபோது நீ ரொம்பத் தூரத்தில் தள்ளாடி வந்துகொண்டிருந்தாய். வந்து சேர மிகவும் நேரமாயிற்று. ஹேண்டில்பாரில் தலையைச் சாய்த்து மூச்சு வாங்கினாய்.

"எவ்ளோ தூரம் பின்னால வுட்ட?"

"ரொம்ப."

"ம்." சிரித்தாய். "இப்பதான் நல்லா கீது."

அந்த மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாய்.

நான் இன்னும் ஓட்டுகிறேன். அந்தப் பெயர்ப்பலகை தெரிந்ததும் எழுந்து நின்று மிதிக்கிறேன். பக்கத்தில் யாரும் கிடையாது, நேரம் பார்க்கவும் ஆள் கிடையாது, மெதுவாகப் போனாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் ஒரு தடவைகூடக் குறைத்து மிதித்ததில்லை. திங்கட்கிழமை அலுவலகத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டுதான் மாடி ஏறுகிறேன். "இன்னா மேடம், கால் வலியா? லிஃப்ட்ல போலாமே" என்று கேட்கிறார்கள். வயசாகிவிட்டது என்று சொல்லி வைக்கிறேன். தொடையில் இருப்பது உன்னால் வந்த வலி. அதை லிஃப்டில் ஏற்றி வீணாக்க எனக்கு மனசில்லை.