தலைகீழ் நிலா

நிக்டி, புனே
11.1.2026

அன்புள்ள கோதைக்கு,

அனீசா எழுதுவது. போனில் சொன்னால் என் வீட்டுக்காரர் பாசித் காதில் விழும், ‘மறுபடியும் துருப்பிடித்த சாமானா?’ என்பார். அதனால் கடிதம்.

உன் காப்பிக் கடைச் சுவருக்குப் பழைய விளம்பரப் பலகை கேட்டாயே, பார்த்துவிட்டேனடி. இங்கே ஜூனா பஜாரில் ஆங்கிலப் பலகை என்றால் ஐயாயிரம் சொல்கிறார்கள். தமிழ்ப் பலகை தலைகீழாகத் தொங்குகிறது. படிக்க ஆளில்லை, விலையும் இல்லை. நீலப் பீங்கான் பூச்சு, நடுவில் வெள்ளை வட்டம், ‘நிலா மார்க் காப்பித்தூள்’. கடைக்காரர் எண்ணூறுதான் சொன்னார்.

அதற்குள் மகள் இன்ஷா துருவைத் தொட்ட விரலை வாயருகே கொண்டுபோனாள். பதறிப்போய் வாங்காமலே வந்துவிட்டேன். ஐந்து வயதாகிறது அவளுக்கு. பள்ளியில் மராத்தி, கீழே விளையாட இந்தி. தினமும் சிலேட்டில் தமிழ் எழுதிக் காட்டுகிறேன், ‘நஹி ஆத்தா’ என்று இந்தியில் சொல்லி ஓடுகிறாள், வராதாம். ஆத்தா என்று என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று தேற்றிக்கொள்கிறேன். தமிழ் வராமலே போய்விடுமோ என்றுதான் பயம்.

உன் அனீசா

கோயம்புத்தூர்
17.1.2026

அடி அனீசா,

காப்பிக் கடைக்குக் காப்பிப் பலகையே கிடைக்கிறதென்றால் விடுவேனா? கல்லாவுக்குப் பின்னால் இடம் ஒதுக்கிவிட்டேன். ஆயிரத்துக்கு மேல் என்னால் முடியாது. தமிழ் தெரியும் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே. கன்னடமா என்று கேள். பலகையை நிமிர்த்திப் பார்க்காதே, விலையும் நிமிர்ந்துவிடும்.

குழந்தையைப் போட்டுப் படுத்தாதே. ஒரு ஜோடி கையுறை வாங்கிக் கொடு.

கோதை

நிக்டி
25.1.2026

என் கோதைக்கு,

உன் பேச்சைக் கேட்டேன், கன்னடமா என்றேன், அறுநூறுக்கு இறக்கிவிட்டேன். பணம் எடுக்கப் பையைத் திறக்கிறேன். இன்ஷா கையுறையும் கையுமாகக் குனிந்து, கால்களுக்கு நடுவே தலையை விட்டுப் பலகையைப் பார்க்கிறாள். ‘நி… லா. நிலாம்மா. அம்மா எழுதுற நிலா.’

பஜாருக்கே கேட்டிருக்கும். கடைக்காரர் பலகையைத் திருப்பி நிமிர்த்தினார். ‘பாபி, பச்சீ தோ பட் லேத்தி ஹை’ என்று சிரித்தார். குழந்தை படிக்கிறாளாம். அடுத்த மூச்சில் ஆயிரத்து எண்ணூறு என்றார்.

நான் பேரமே பேசவில்லை, கோதை. ‘இன்னொரு தடவை படிடா கண்ணு’ என்றேன். இந்த முறை ‘மா… ர்’ வரை போனாள். கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டேன். கூடுதல் எண்ணூறு என்னுடையது, நீ வாயைத் திறக்காதே.

பாசித்திடமும் சொல்லியாகிவிட்டது. துரு என்ற வார்த்தையே வரவில்லை. மகளைத் தலைகீழாகத் தூக்கிப் பிடித்துப் படிக்கச் சொல்கிறார்.

பலகையைப் பழைய துப்பட்டாவில் சுற்றி வைத்திருக்கிறேன். அவள் விலக்கி விலக்கிப் பார்க்கிறாள். கூரியர் வீட்டு விலாசத்துக்கா, கடைக்கா என்று எழுது.

அனீசா

கோயம்புத்தூர்
31.1.2026

இன்ஷாவின் அம்மாவுக்கு,

எந்த விலாசத்துக்கும் வேண்டாம். உன் கூடத்தில் மாட்டு, அவள் கண்ணுக்கு நேராக. என் சுவரில் ஆணி அடித்தாகிவிட்டது, அதைச் சும்மா விட முடியாது. ‘காப்பி’ என்று ஓர் அட்டையில் அவளையே எழுதச் சொல்லி அனுப்பு. புள்ளி வைக்க மறந்தாள் என்றால் நீ வைத்துவிடாதே.

கோதை